அடுப்படி நீங்கலாக

ஆம்பூரில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு முதலில் மூக்கு மரத்துப்போக வேண்டும். கையெழுத்து, சட்டம் எல்லாம் அதற்கப்புறம்தான். வீடு வாங்கியோ விற்றோ வாடகைக்கு விட்டோ அவஸ்தைப்பட்டவர்கள் நீங்கள். உங்களுக்கு அது ஆயுசில் ஒருதரமோ இரண்டுதரமோ வந்துபோகும். நான் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே புளியமரத்தடியில் மேஜை போட்டுக்கொண்டு அதைத் தினமும் பட்டேன். எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்பது அதே சில கேள்விகள். அத்தனையையும் ஒரே வீட்டை வைத்துக்கொண்டு ஒருத்தன் கேட்டான். அவன் பெயர் அன்வர்.

வெள்ளிக்கிழமைக் காற்று

எங்கள் ஊரில் வீடு விற்கிறவன் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துத்தான் வீட்டைக் காட்டுவான். அன்றைக்குத் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கெல்லாம் லீவு. தோல் ஊறுகிற தொட்டியைக் கலக்கி நாற்றத்தைக் கிளப்ப ஆள் இருக்காது. காற்றும் கொஞ்சம் தயவு பண்ணினால், வெளியூர்க்காரன் இதையும் எல்லா ஊரையும்போல ஓர் ஊர் என்று நினைத்துக்கொள்வான். வாங்கி, சாமான் இறக்கி, சனிக்கிழமை காலையில் என் மேஜைக்கு ஓடிவருவான், கிரயத்தை ரத்து பண்ண முடியுமா என்று. முடியாது. கண்ணுக்குத் தெரியாத குறையை மறைத்து விற்றால் கேட்கலாம். மூக்குக்குத் தெரிகிறதை எப்படி மறைத்தான் என்று எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

அன்வர் தன் சாச்சி ஜுலேகா பீயின் வீட்டை விற்க ஆள் கூட்டிவந்ததும் வெள்ளிக்கிழமைதான். சாச்சி என்றால் அவனுக்குச் சித்தப்பா பெண்சாதி. வாங்க வந்தவர் வாலாஜாபேட்டை ஜவுளிக்கடை முதலியார். என்னிடம் வந்து, வீட்டின் பேரில் கடன், வில்லங்கம் ஏதாவது உண்டா என்று கேட்டார். ஒன்றும் இல்லை, ஆனால் வீடு இந்தப் பையனுடையதும் இல்லை என்றேன். அன்வர் என்னை முறைத்தான். முதலியார் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. மூச்சை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டு சொன்னார்: "அதெல்லாம் பேசிக்கலாங்க. இன்னா இருந்தாலும் உங்க ஊர்ல காத்து சுத்தம்."

மஹர் வந்த வழி

மறுநாள் அன்வர் தனியாக வந்தான். "சித்தப்பா சொத்துதானே ரைட்டரே. அவருக்குப் புள்ளை இல்லை. நான் வித்தா இன்னா?" என்றான். விற்ற காசில் மதராசில் போய்த் தோல் மண்டி வைக்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. ஆனால் அவன் சித்தப்பா, கல்யாணத்தில் பெண்ணுக்குத் தருவதாகப் பேசிய மஹர் பணத்துக்குப் பதிலாக அந்த வீட்டைத் தம் கடைசிக் காலத்தில் சாச்சி பேருக்கே எழுதிவைத்துவிட்டார். எழுதினவன் நான். மஹருக்குப் போன வீடு பெண்டாட்டியின் சொந்த வீடு. அதில் புருஷன் வழி ஜனத்துக்கு ஒரு செங்கல்கூட பாத்தியமில்லை. சாச்சியே விற்றால்தான் உண்டு என்று சொன்னேன்.

மனசு கேட்காமல் சாயங்காலம் சாச்சியிடமே போனேன். திரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். எத்தனையோ வருஷப் பழக்கம். முகத்தைப் பார்த்தது கிடையாது, குரல் மட்டும் அத்துப்படி. அவ்வளவு பெரிய குரல். முன்கட்டில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் குடும்பம் குடியிருந்தது. அந்த வாடகையில்தான் சாச்சிக்குச் சோறு. விற்கிற எண்ணம் உண்டா என்று கேட்டேன். திரை அசைந்தது. "வித்துட்டு எங்கே போவேன் ரைட்டர் அண்ணா? அன்வர் வூட்டுக்குத்தான் போவணும். அவன் பொஞ்சாதி என்னை அடுப்படியில கால் வைக்க உடமாட்டா. ஒரு டீ வேணும்னாலும் அவ மூஞ்சியைப் பாத்துக்கினு நிக்கணும்."

தொட்டியில் விட்டுவந்த ரேகை

அந்தச் சமயம்தான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு புது ரிஜிஸ்திரார் மாற்றலாகி வந்தார். நல்ல மனுஷர். மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டே ஒரு மாசம் வேலை பார்த்தார். சொத்து எழுதிக் கொடுக்கிறவர்கள் அவர் எதிரில் இடது பெருவிரலை மையில் தொட்டு உருட்ட வேண்டும். அன்று தன் குடிசையை விற்க வந்தவன் முனுசாமி, தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி ஆள். உருட்டினான். காகிதத்தில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது. ஒரு கோடு இல்லை. அழுத்தச் சொன்னார். இன்னும் பெரிய வட்டம் விழுந்தது. வேறு விரல், மறு கை என்று எல்லாம் ஆயிற்று. தாள் முழுக்க நாவல்பழம் உருட்டினமாதிரி இருந்ததே ஒழிய ரேகை என்று எதுவும் வரவில்லை.

ரிஜிஸ்திரார் மையைக் குறை சொன்னார், காகிதத்தைக் குறை சொன்னார், கடைசியில் என்னைப் பார்த்தார். வருஷக்கணக்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் தோலைப் புரட்டினால் தோலின் மயிரோடு கையின் ரேகையும் போய்விடும், எங்கள் ஊரில் இது சகஜம் என்றேன். தெரிந்த சாட்சிகளை வைத்து ஒருவழியாக முடித்தார். போகும்போது முனுசாமி ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "ரேகையெல்லாம் தொட்டியிலேயே கெடக்குது சாமி. வேணும்னா ஆள் உட்டுத் துழாவச் சொல்லுங்க."

தொண்டை கட்டிய பீபி

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். பர்தாப் பெண்களுக்கு எழுதுவதென்றால் ரிஜிஸ்திராரே வீட்டுக்கு வருவார். இந்துஸ்தானியில் படித்துக்காட்ட என்னைக் கூட்டிப் போவது வழக்கம். அன்றும் கூடப் போனேன், பார்த்தால் ஜுலேகா சாச்சி வீடு. கிரயப் பத்திரம் தயாராக இருந்தது. வாணியம்பாடியில் யாரையோ பிடித்து எழுதி வாங்கி வந்திருந்தான் அன்வர். "சாச்சி மனசு மாறிட்டாங்க. தொண்டை கட்டிக்கிச்சு, பேச வராது," என்றான். அந்தக் குரல் கட்டும் என்று யார் நம்புவது? ஆனால் திரையை விலக்கிப் பார் என்று சொல்ல நான் யார்? ரிஜிஸ்திராராலும் சொல்ல முடியாது. உறவுக்காரன் சாட்சி சொன்னால் அதுதான் சாட்சி. அன்வர், "இவங்கதான் எங்க சாச்சி," என்று சத்தியமாகச் சொன்னான்.

படித்துக்காட்டினேன். சம்மதமா என்று இந்துஸ்தானியில் கேட்டேன். ஓர் இருமல் வந்தது. இன்னொரு தரம் கேட்டேன். இன்னொரு இருமல். வேறு வழியில்லாமல் மைத்தட்டை நீட்டினேன். திரைக்குக் கீழே ஒரு கை வந்தது. புறங்கை நிறைய மருதாணி, முழங்கை வரை கண்ணாடி வளையல். ஒரு குறையும் சொல்ல முடியாத கை. சாச்சியின் சோறு இத்தோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். பெருவிரல் மையில் பட்டது, காகிதத்தில் உருண்டது. வழவழவென்று ஒரு கறுப்பு வட்டம்.

ரிஜிஸ்திரார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கர்ச்சீப்பை மூக்கிலிருந்து எடுத்து மடித்துப் பையில் வைத்தார். பிறகு திரையைப் பார்த்து, தமிழில், வெகு சாதாரணமாக, "ஏம்மா, உனக்கு எந்தத் தொட்டியில வேலை?" என்று கேட்டார். தொண்டை உடனே சரியாகிவிட்டது. உள்ளேயிருந்து பதில் வந்தது: "சுண்ணாம்புத் தொட்டிங்க சாமி. மேஸ்திரிகிட்ட அரை நாள் சொல்லிட்டு வந்தேன், சீக்கிரம் உட்டுடுங்க."

சொன்ன சொல்

வந்தவள் முனுசாமி வேலை செய்த அதே ஷாப்பில் வேலை பார்க்கிற கன்னியம்மா. சாச்சிக்கு உடம்பு சரியில்லை, அவருக்குப் பதிலாக மை வைத்தால் போதும், வாயை மட்டும் திறக்காதே என்று சொல்லி அன்வர் கூட்டிவந்திருக்கிறான். நிஜ சாச்சியை வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டிருந்தான். எழுதிக் கொடுக்க வேண்டியவர் வீட்டில் இல்லை, பதிவு செய்யவில்லை என்று எழுதிவிட்டு ரிஜிஸ்திரார் எழுந்தார். மேலே புகார் பண்ணுவதா என்று சாச்சி திரும்பி வந்ததும் கேட்டார். புருஷனின் அண்ணன் பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு, நான் செத்தால் யார் கையால் மண் வாங்கிக்கொள்வது என்று சாச்சி சொல்லிவிட்டார். இரண்டு நாள் அழுதார் என்று வாத்தியார் வீட்டம்மா சொன்னாள். முதலியார் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து தெருமுனையிலேயே ஜட்கா வண்டியைத் திருப்பச் சொன்னதாகக் கேள்வி.

அன்வருக்கோ வேறு பேஜார். விற்பனை ஆனதாகவே நினைத்துக்கொண்டு, தான் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி பண்ணுகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தான். அவர் வேறு ஆளுக்கு விட்டுவிட்டார். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்க முடியுமா என்று என்னிடம் வந்து கேட்டான். எதிராளி சம்மதித்தால் முடியும், இவர் சம்மதிக்கமாட்டார் என்றேன். பெண்டாட்டியையும் மூட்டையையும் கூட்டிக்கொண்டு அவன் போய் நின்ற இடம் சாச்சியின் வாசல். சாச்சி திட்டவில்லை. எனக்கு ஆள் அனுப்பினார், பின்கட்டை அன்வருக்கு வாடகைக்கு விட்டு ஒப்பந்தம் எழுத வேண்டும் என்று.

எழுதிக்கொண்டே வந்தேன். பின்கட்டு அறை, கிணற்றுத் தண்ணீர், கொல்லைக் கதவு. அன்வரின் பெண்டாட்டி உள்ளேயிருந்து மெதுவாக, "அடுப்படி?" என்றாள். சேர்த்தா, நீங்கலாகவா என்று திரையைப் பார்த்துக் கேட்டேன். அந்தப் பெரிய குரல் அன்றைக்கு ரொம்பத் தணிந்து வந்தது: "நீங்கலான்னே எழுதுங்க அண்ணா. எழுத்துல குடுத்துட்டா அவளுக்குப் பாத்தியம் ஆயிடும், கேக்க மாட்டா. இப்போ தினம் வந்து என்னைக் கேக்கணும். கேட்டா நான் குடுக்காம இருப்பேனா?"

ஆக, முழு வீட்டுக்கும் ஆசைப்பட்ட அன்வருக்கு அந்த வீடு கடைசியில் சட்டப்படியே கைக்கு வந்தது: பின்கட்டு மட்டும், மாத வாடகைக்கு, அடுப்படி நீங்கலாக.