கிராணி வீட்டு வெற்றிலைப் பெட்டி

“உனக்கேன் பிள்ளை இந்தப் படிப்பு? வெத்திலைக்குச் சுண்ணாம்பு தடவத் தெரிஞ்சால் காணும்.” கிராணியம்மா இதைச் சொன்னபோது அவர் வாயில் கிராம்பும் ஏலமும் மணந்தன. எனக்குக் கோபம் பிறகுதான் வந்தது. இந்த மணம் எங்கள் வீட்டில் இல்லையே என்ற எரிச்சல் முந்திக்கொண்டது.

எங்கள் ஊரான பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குமாஸ்தாக்களைக் “கிராணி” என்பார்கள். என் அப்பா தண்டவாளக் கூலி. அம்மா யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர் வீட்டில் பாத்திரம் துலக்கினாள். அவர் மனைவிதான் கிராணியம்மா. மகள் இராசமணி எனக்கு ஒரு வகுப்பு மேலே. அவள் படித்துக் கழித்த புத்தகங்கள் மறுவருஷம் எனக்கு வரும். அவை வராவிட்டால் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

அந்த வீட்டு வெற்றிலைப் பெட்டியை “ஒல்லாந்தர் காலத்துச் சாமான்” என்று கிராணியம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஆமையோட்டில் செய்து, மூலைகளிலும் பூட்டைச் சுற்றியும் பூவேலை செய்த வெள்ளித் தகடு பதித்த அந்தப் பெட்டி, வெயில் பட்டால் உள்ளே தேன் ஊற்றி வைத்ததுபோல் மின்னும். எங்கள் வீட்டு வெற்றிலை, ஈரத்துணி சுற்றிப் பால் டின்னில் கிடக்கும். விருந்தாளிகள் வந்தால் இராசமணி பெட்டியை இரு கையாலும் ஏந்தி, மூத்தவர் யார், அடுத்தவர் யார் என்று பார்த்துப் பார்த்து நின்று திறப்பாள். அவள் பட்டுப்பாவாடையைக்கூட மன்னித்திருப்பேன். யார் முன்னால் முதலில் நிற்பது என்று அவள் கால்கள் முடிவு செய்வதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஒரு நவராத்திரி மாலை அவளுக்குக் காய்ச்சல். கூடம் நிறையப் பெண்கள். “நீ கொண்டுபோய்க் குடு. கவனம், விழுத்திப் போடாதை,” என்று கிராணியம்மா பெட்டியை என் கையில் வைத்தார். சுமங்கலிகளுக்கெல்லாம் தாம்பூலம் கொடுக்கும் நாள். அம்மாவும் சுமங்கலிதான், ஆனால் அவள் பங்கு கடைசியில், தகரத் தட்டில், பின்வாசலுக்கு வரும்.

நான் கூடத்தைக் கடந்து நேரே அடுப்படிக்குப் போய், அம்மா முன்னால் நின்று பெட்டியைத் திறந்தேன்.

“எடுத்துக்கம்மா.”

“மொதல்ல அங்க போயிக் குடுடி,” என்று அம்மா பல்லைக் கடித்தாள். நான் நகரவில்லை. சாம்பல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் ஒரு வெற்றிலையை எடுத்தாள்.

“உங்கட வீட்டில முதல் மரியாதை குசினிக்கோ?” என்று கூடத்திலிருந்து ஒருத்தி கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள்.

கிராணியம்மா என்னைத் திட்டவில்லை. பெட்டியை வாங்கி, இருந்த வெற்றிலை முழுவதையும் முறத்தில் கொட்டி, உள்ளே துணியால் துடைத்து, புது வெற்றிலை அடுக்கினார். அம்மா பார்த்துக்கொண்டே தன் வெற்றிலையை மென்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், “பொட்டி அழகுதான். வெத்தல வாடிக் கெடந்துச்சு,” என்றாள்.

மறுவருஷம் புத்தகங்கள் வரவில்லை. வகுப்பில் இரவல் வாங்கி, பாடம் பாடமாகக் கையால் எழுதி எடுத்தேன். அம்மாவின் மேல் வைத்த பாசத்தால் அன்று அப்படிச் செய்தேன் என்று சொன்னால் எனக்குப் பெருமைதான். உண்மையில் பாதிக்கு மேல் பொறாமை. இராசமணியின் இடத்தில் ஒரு தடவையாவது நின்று பார்க்க வேண்டியிருந்தது.

இப்போது கிள்ளானில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கிராணி வீட்டில் பல் கறைபடும் என்று வெற்றிலையை விட்டுவிட்டார்களாம். பெட்டியில் ரிப்பனும் கொண்டை ஊசியும் கிடக்கின்றனவாம். போன வாரம் இராசமணியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. அந்தப் பெட்டியும் சீதனத்தோடு அவளுக்கே போகிறது என்று ஓரத்தில் கையால் எழுதியிருந்தாள். படித்ததும் வயிறு பழையபடி எரிந்தது.

உறைமேல் என் பெயர் மட்டும் இருந்தது. இருவரும் வருகிறோம் என்று பதில் எழுதினேன். கையெழுத்திடும் இடத்தில் ‘மாரியாயி’ என்று அம்மாவின் பெயரை முதலில் எழுதி, அதன்கீழ் என் பெயரை எழுதி, இன்று காலை பள்ளிக்குப் போகும் வழியில் தபாலில் சேர்த்துவிட்டேன்.