டேப்பில் வந்த ஹெலிகாப்டர்

மண்டி வீட்டு அத்தை குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு வருவார். ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொள்வார். கலர் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் கறுப்புப் பெட்டியில் ஒரு கேசட்டைச் சொருகுவார், பட்டனைத் தட்டுவார். அவ்வளவுதான். கார் ஓடும். குழம்பு பொங்குவதற்குள் எதிரில் வந்த காரையெல்லாம் முந்திவிட்டு, பெட்டியை அணைத்துவிட்டுப் போய் அடுப்பைக் குறைப்பார். எங்கள் தெருவில் அவரை ஜெயிக்க ஆளில்லை.

அதே நேரத்தில் ஒரு சுவர் தள்ளி, எங்கள் வீட்டில், நானும் மாமாவும் தரையில் உட்கார்ந்து ஒரு டேப் ரெக்கார்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

எண்பதுகளின் கடைசி அது. அத்தையின் மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய வீடியோ கேம் அவருக்கு. மாமா கொண்டுவந்த கம்ப்யூட்டர் எங்களுக்கு. கம்ப்யூட்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டுப் பஞ்சாங்கம் அளவுக்கு ஒரு கறுப்புப் பலகை, அதன் மேல் ரப்பர் பட்டன்கள். டிவியோடு ஒரு வயர், டேப் ரெக்கார்டரோடு இன்னொரு வயர். ஆட்டம் ஓடவேண்டுமென்றால் அது பாட்டு கேசட்டிலிருந்து உள்ளே ஏறவேண்டும். ஏறினால்தானே!

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். துபாயில் ஏசி மெக்கானிக். அக்கா தானே பார்த்து, தானே முடிவு செய்து கட்டிக்கொண்டவர். அதனால் அப்பாவுக்கு அவரைக் கண்டால் ஆகாது. கல்யாணத்துக்கு அப்பா வந்து நின்றார், சாப்பிடவில்லை. பிறகு வீட்டுக்குள் விட்டார், பேசவில்லை. மாமா எதிரிலேயே உட்கார்ந்திருக்க, அப்பா அம்மாவைப் பார்த்து, "அவரு சாப்ட்டாரான்னு கேளு" என்பார். அம்மா கேட்பார். மாமா அம்மாவிடம் பதில் சொல்வார். அம்மா அதை வாங்கி அப்பாவிடம் கொடுப்பார். மூன்று பேரும் இருப்பது ஒரே கூடத்தில்தான்.

கார்த்திகை தீபத்துக்கு லீவில் வந்த மாமா, எல்லோரையும் போல கம்பளியும் சோப்பும் டார்ச் லைட்டும் கொண்டுவந்திருக்கலாம். பிளஸ் டூ படிக்கும் மச்சினிக்கு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். "படிக்கிற பொண்ணு. நாளைக்கு எல்லாமே இதுலதான் நடக்கும்" என்றார். அப்பா வழக்கம்போல அம்மாவிடம் சொன்னார்: "கம்பளியா இருந்தா போத்திக்கவாவது ஆவும்."

மாமா சிரித்தார். அப்பா எழுந்து போனதும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார். "பாப்பா, நான் ஊருக்குப் போறதுக்குள்ள இது உங்க அப்பா எதிர்ல ஒரு தடவ ஓடணும். ஒரே ஒரு தடவ போதும். இல்லன்னா இந்த வீட்ல என்னிக்கும் நான் ஏமாந்த சோணகிரிதான்."

அன்றையிலிருந்து அது என் வேலையும் ஆகிவிட்டது.

முதல் நாள் டிவியில் கம்ப்யூட்டரைப் பிடிப்பதற்கே பொழுது சாய்ந்தது. டிவியின் குமிழைத் திருகித் திருகி, ஒருவழியாக வெள்ளைத் திரையில் எழுத்து வந்தது. நானும் மாமாவும் கை தட்டினோம். அப்பா செய்தி கேட்க வந்து உட்கார்ந்தார். செய்தியைக் காணோம். மெட்ராஸ் ஸ்டேஷன் எங்கே போனதென்று தெரியவில்லை. மொட்டை மாடியில் ஒருவர் ஏரியலைத் திருப்ப, ஜன்னலில் ஒருவர் நின்று "இப்ப வருது, இப்ப போச்சு" என்று கத்த, ஸ்டேஷன் திரும்பக் கிடைத்தபோது செய்தி முடிந்து வயலும் உரமுமாக ஓடிக்கொண்டிருந்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அடுத்து கேசட். ஒரே ஒரு கேசட்தான் மாமா கொண்டுவந்தார். அதில் ஒரு ஹெலிகாப்டர் ஆட்டம் இருப்பதாக அட்டைப்படம் சொன்னது. டேப் ரெக்கார்டரை ஓடவிட்டால், மாவு மிஷின் பெல்ட் வழுக்கும்போது வருமே, அப்படி ஒரு கிறீச்சல். அதுதான் ஆட்டமாம். அந்தச் சத்தத்தைக் கம்ப்யூட்டர் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டுமாம். அம்மா அடுப்படியிலிருந்து, "யாரையாவது அடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

திரையின் ஓரத்தில் கோடுகள் ஓடும். நாங்கள் மூச்சுவிடாமல் இருப்போம். ஒரு இட்லி ஈடு வேகும் நேரம் இப்படியே போகும். பாதிப் படம் வரும், ஹெலிகாப்டரின் விசிறி தெரியும், மாமா என் தோளைத் தட்டுவார், உடனே எல்லாம் நின்று ஒரே வரி வரும்: டேப் எரர். திரும்ப முதலிலிருந்து.

கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தைப் படித்தேன். வால்யூம் ஜாஸ்தியாக இருந்தாலும் ஆகாது, கம்மியாக இருந்தாலும் ஆகாது என்று போட்டிருந்தது. எவ்வளவு வேண்டும் என்று மட்டும் போடவில்லை. குமிழை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஆட்டம் கொஞ்ச தூரம் ஏறிய இடத்தில் என் சாந்துப் பொட்டை எடுத்து ஒரு புள்ளி வைத்தேன். நாளாவட்டத்தில் அந்தக் குமிழ் முழுக்கப் பொட்டாகிவிட்டது. டேப்பின் ஹெட் கோணலாக இருக்கும் என்று மாமா சின்ன ஸ்க்ரூ டிரைவரால் திருகினார். மறுநாள் அம்மா சுப்ரபாதம் போட்டபோது அது தண்ணீருக்குள் இருந்து வந்தது. அம்மா பொறுமைசாலி. அவரே அன்று மாமாவைப் பார்த்து, "மாப்ள, சாமி பாட்டையாவது வுட்டு வெய்ங்க" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அத்தையின் கார் உறுமிக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை அழுகையாக வரும். பலகையைத் தூக்கிப் போய் ஐயங்குளத்தில் போட்டுவிடலாம் போல இருக்கும். மாமா சமாதானம் சொல்வார். "அது வெறும் பொம்மை பாப்பா. சொருகினா ஆடும், வேறொண்ணும் தெரியாது. இது வேலை செய்யற மெஷினு, டைம் எடுக்கத்தான் எடுக்கும்." அவருக்கே அதில் நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது எனக்குத் தெரியும்.

ஒரு நாள் என்னை சைக்கிளில் உட்காரவைத்துக்கொண்டு செங்கம் ரோடு பக்கம் போனார். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களில் யாருக்காவது தெரிந்திருக்காதா என்று. டீக்கடை பெஞ்சில் காவி வேட்டி கட்டி உட்கார்ந்திருந்த ஒருவரிடம், தனக்கு வந்த ஆங்கிலத்தில் கேட்டும் விட்டார். அந்த ஆள் கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் வேலை பார்த்தவராம். மாமாவின் முகம் மலர்ந்தது. வெள்ளைக்காரர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, அதையெல்லாம் மறக்கத்தான் இங்கே வந்திருக்கிறேன், தயவுசெய்து ஞாபகப்படுத்தாதீர்கள் என்றார். எங்களுக்கு டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

வரும் வழியில் மாமாவுக்கு இன்னொரு யோசனை. கேசட்டே பழுதாக இருக்கும், நல்ல கேசட்டில் பதிந்து வாங்கிவிடலாம். தேரடி வீதியில் இருந்த பதிவுக் கடைக்குப் போனோம். ஊரில் பாதிக் கல்யாணத்துக்குப் பாட்டு பதிந்து கொடுப்பவர் அந்தக் கடைக்காரர். கேசட்டைப் போட்டுக் கேட்டவர் காதைப் பொத்திக்கொண்டார். "விடுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றார். மறுநாள் பழையதையும் புதியதையும் சேர்த்துக் கொடுத்தார். புதியது பளபளவென்று இருந்தது. நாங்கள் பழையதை டிவி ஸ்டாண்டுக்கு அடியில் எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டோம். முதலில் ஒரு பிள்ளையார் பாட்டு வந்தது. பதிகிற எல்லாக் கேசட்டிலும் அவர் அப்படித்தான் தொடங்குவாராம். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இப்பதான் உருப்படியா ஒண்ணு வந்துச்சு" என்றார். பாட்டு முடிந்து ஆட்டம் தொடங்கியது. திரையில் ஒரு கோடுகூட வரவில்லை.

அந்தப் புதுக் கேசட்டோடு மிச்ச நாளெல்லாம் மாரடித்தோம். தீபம் ஏற்றினார்கள், ஊரே மலையைப் பார்த்து நின்றது. தெப்பமும் முடிந்தது. நாங்கள் ஒரு பொட்டை அழித்து இன்னொரு பொட்டு வைத்துக்கொண்டிருந்தோம்.

மாமா கிளம்பும் நாளும் வந்தது. சாயங்காலம் பஸ், மறுநாள் மெட்ராஸில் விமானம். மத்தியானம் அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குத் தாங்கவில்லை. ஏதாவது செய்யவேண்டுமே என்று கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கிவிட்டு, பழைய கேசட்டையும் புதியதையும் மாற்றி மாற்றிச் சும்மா காதால் கேட்டேன். அடுத்தடுத்துக் கேட்டபோதுதான் வித்தியாசம் உறைத்தது: பழையது கத்தியது. புதியது முணுமுணுத்தது.

"மாமா, இத கேளுங்க" என்றேன். கேட்டார். பாதி மடித்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். திரும்பி வந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். "ஒரே எரைச்சலா இருந்துச்சாம். பாட்டு எங்கியோ அடியில மாட்டிக்கிச்சுன்னு நெனச்சி, கஷ்டப்பட்டு எரைச்சலையெல்லாம் எடுத்துட்டாராம் பாப்பா. ஆட்டத்தையே எடுத்துட்டாரு. 'இப்ப சுத்தமா இருக்குல்ல சார்'னு என்கிட்டயே கேக்கறாரு!"

சரி, பொழுது சாயும் நேரத்தில் பழையதைப் போட்டோம். படம் பாதிக்கு மேல் வந்தது. அந்த நேரம் பார்த்து மண்டி வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். எங்கள் லைட் மங்கியது, டிவி சுருங்கியது, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு வெள்ளையாக நின்றது. திருவிழா சீரியல் செட்டுகள் இன்னும் தெருவில் எரிந்துகொண்டிருந்தன. எங்கள் பக்கத்து வோல்டேஜுக்கு அதற்கு மேல் தெம்பில்லை.

அப்போதுதான் மண்டி வீட்டு மாமா, அத்தையின் வீட்டுக்காரர், வழியனுப்ப வந்தார். அப்பா ஈசிசேரில் இருந்தார். வந்தவர் எங்கள் வயர்களைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "இன்னும் ஓடலியா? உங்க மாப்ளைய யாரோ நல்லா ஏமாத்திட்டான் போல. எங்க வீட்ல இருக்கற மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வந்திருந்தா, சொருகனமா ஆடனமான்னு இருக்கும்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கதவோரத்தில் நின்றாள். அவளைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அப்பா சொல்லப் போவதும் இதேதான் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். "உங்களுது பொம்மைங்க" என்றார். "கொழந்தைங்களுக்கு அது சரிதான். இது மெஷினு. டைம் எடுக்கும். யாரையும் யாரும் ஏமாத்தல." எழுந்து நின்றார். "மொதல்ல நீங்க போயி அந்த மோட்டார நிறுத்துங்க. வேல நடக்குதில்ல இங்க."

மண்டி வீட்டு மாமா போய் மோட்டாரை நிறுத்தவும் செய்தார். அப்பா ஃபேனை அணைத்தார். அடுப்படி லைட், வாசல் லைட், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தார். சாமி மாடத்து ஜீரோ வாட்ஸ் பல்பைக்கூட விடவில்லை. தன் மாப்பிள்ளையைத் தான் எவ்வளவு வேண்டுமானாலும் மட்டம் தட்டலாம், அடுத்த வீட்டுக்காரன் தட்டக்கூடாது. அவ்வளவுதான் விஷயம். அவ்வளவாவது இருந்ததே என்று எனக்கு இருந்தது.

மாமா கேசட்டைத் திரும்ப ஓட்டி வைத்தார். நான் பொட்டுக்கு நேராகக் குமிழை வைத்தேன். கிறீச்சல் தொடங்கியது. இந்தத் தடவை அம்மாகூட எதுவும் கேட்கவில்லை. விசிறி வந்தது, வால் வந்தது, கீழே மலை வந்தது. கிறீச்சல் நின்றது. எரர் வரவில்லை. எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில், கட்டைவிரல் அளவு ஹெலிகாப்டர் ஒன்று தடதடவென்று நடுங்கிக்கொண்டு நின்றது.

நான் கத்தியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். மாமா கத்தவில்லை. ஒரு நிமிஷம் அதையே பார்த்தார், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஓடிச்சில்ல பாப்பா, அது போதும். பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, அப்பா இருந்த பக்கம் பார்த்துப் பொதுவாகத் தலையை ஆட்டினார்.

அப்பா நகர்ந்து வந்து வாசலை மறைத்துக்கொண்டு நின்றார். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. மாமாவின் தோளிலிருந்து பையைத் தானே கழற்றிக் கீழே வைத்தார்.

"மெட்ராஸுக்கு பஸ்ஸுக்கா பஞ்சம்? அடுத்த வண்டில போலாம்" என்றார். "உக்காருங்க மாப்ள. எப்பிடி ஆடறதுன்னு எனக்குக் காட்டிட்டுப் போங்க."

அப்பா முதலில் தரையில் உட்கார்ந்தார், பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார். அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள். காபி போடப் போகிறாள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், அணைத்த லைட்டைக்கூடப் போடாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதுகொண்டிருந்தாள்.