நோன்பு மாதத்தில் வற்றிய பால்

1953-ஆம் வருடம், கத்திரி வெயில் நாட்களில், ராயபுரத்தில் பல குடித்தனங்களோடு நாங்கள் குடியிருந்த ஸ்டோர் வீட்டில் நடந்தது இது. என் கணவருக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. முதல் பிள்ளைக்கு அப்போது நாலு மாதம்.

பிரசவத்துக்குப் பிறகு என் உடம்பு ஊதிப்போயிருந்தது. எதைச் சாப்பிட்டாலும் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். இரைப்பைக்கு ஓய்வு கொடுத்தால் பாதி நோய் போய்விடும் என்று ஒரு பத்திரிகையில் கட்டுரை வந்திருந்தது. பொழுது சாய்ந்ததும் சாப்பாட்டை முடித்துவிட்டு, மறுநாள் உச்சிவேளை வரை தண்ணீர் மட்டும் குடிக்க வேண்டுமாம். எட்டாவது வரை படித்தவள் நான். அச்சில் வந்ததை நம்புவேன். பால் கொடுக்கிறவளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. சரியா தப்பா என்று இரண்டு நாள் குழம்பினேன். யாரிடமும் கேட்கவில்லை.

முதல் வாரத்திலேயே நெஞ்செரிச்சல் நின்றது, உடம்பு லேசானது. அதுதான் என்னைக் கெடுத்தது.

அந்தச் சமயத்தில் நோன்பு மாதம் பிறந்தது. அடுத்த வீட்டு முஸ்லிம் அக்காவுக்கும் கைக்குழந்தை. விடியுமுன் அவர்கள் வீட்டில் பாத்திரச் சத்தம் கேட்கும். பிறகு பொழுது சாயும் வரை யாரும் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அக்கா குழாயடியில் என்னோடு நின்று குடம் குடமாகப் பிடிப்பாள். ஒரு வாய் குடித்து நான் பார்த்ததில்லை. பால் கொடுத்துக்கொண்டு அவளால் முடிகிறதென்றால் என்னால் முடியாதா என்று தோன்றியது. நானும் பகலில் தண்ணீரை நிறுத்தினேன். ராத்திரி ஒருவேளைச் சோறுதான். கணவர் கேட்டால், சாப்பிட்டாயிற்று என்பேன்.

சில நாளில் பிள்ளை மார்பைக் கவ்வுவதும் விட்டுவிட்டுக் கத்துவதுமாக இருந்தான். வயிற்றுவலி என்று ஓமத்தண்ணீர் கொடுத்தேன். அப்புறம் அழுகையும் குறைந்தது. சமத்தாகிவிட்டான் என்று நினைத்தேன்.

ஒரு மத்தியானம் அக்கா அவனைத் தூக்கியவள், தலையைத் தடவிப் பார்த்து முகம் மாறினாள்.

"இன்னா தங்கச்சி, உச்சிக்குழி இப்டி உள்ள போய்க் கீது? காலைலேர்ந்து நீ இன்னா துன்னே?"

ஒன்றுமில்லை, உங்களைப் போலத்தான் இருக்கிறேன் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"நான் எங்கமா நோம்பு வெச்சேன்? பால் குடுக்கறவளுக்கு நோம்பு இல்ல, அப்பால வெச்சிக்கலாம். நோம்பாளிங்க எதிர்க்க துன்னக் கூடாதுன்னு உள்ள கதவ சாத்திகினு துன்றேன். படிச்ச பொண்ணு நீ, ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

சொல்லிக்கொண்டே உட்கார்ந்து, தன் மார்பில் அவனைப் போட்டுக்கொண்டாள். அவன் மடக் மடக்கென்று விழுங்கிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் நின்றேன்.

அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிள்ளை வற்றிப்போயிருக்கிறான், நீ என்ன சாப்பிடுகிறாய் என்று டாக்டரம்மா கேட்டார். பக்கத்தில் கணவர் நின்றார். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன் என்று பொய் சொன்னேன்.

பிள்ளை பிழைத்தான். பூண்டு, சுறாப்புட்டு என்று யார் எதைச் சொன்னாலும் தின்றேன், பால் திரும்பவில்லை. எடுத்து அணைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அக்காவின் குரல் கேட்கும் பக்கம் பார்த்து அழுவான். அவள்தான் இரண்டு மாதம் பால் கொடுத்தாள். பிறகு அவர்கள் வீடு மாறிப் போனார்கள், இவனுக்குப் புட்டிப்பால்.

இப்போது அவனுக்கு நாலு வயது. கால்கள் இன்னும் குச்சிதான். பிறவியிலேயே நோஞ்சான் என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்கிறார்; நான் மறுத்ததில்லை. இதைப் படித்துத்தான் அவருக்கே தெரியப்போகிறது.

உடம்பைத் தேற்றிக்கொள்ள நினைத்தது பாவமில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்த உடம்பு அப்போது எனக்கு மட்டும் சொந்தமானதில்லை என்பது, அவன் காய்ச்சலில் படுக்கும் ஒவ்வொரு முறையும் என்னைக் குத்திக்கொண்டுதான் இருக்கிறது.