டேங்க் பார்க்க வந்த மாப்பிள்ளை

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் ஊரைச் சுற்றிக் காட்டுகிற பொறுப்பு என்னுடையது. யாரும் கொடுத்ததில்லை, நானே எடுத்துக்கொண்டது. ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற சாலையில், ஏரியை ஒட்டிக் கிடந்த ஊர் எங்களுடையது. இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று பெரியவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஐந்தாம் வகுப்பில் இருந்த என் கணக்கில் நிறையவே இருந்தது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பி வழிகிற கலங்கல். அதன் பாசி பிடித்த கல்லில் உட்கார்ந்தபடியே சறுக்கலாம், டவுசரின் பின்பக்கம் போனால் அது அவரவர் பாடு. தண்ணீர் திறந்துவிடும் மதகு. அதன் இரும்புத் திருகைப் பிடித்துத் தொங்கலாம். மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு எருமைகள் ஊறும் இடம். ஜிலேபி மீன் கூடையில் துள்ளிக்கொண்டிருக்கும் கரையோரம். மாதா கோயிலில், சிலை வைக்கக் குகை மாதிரிக் கட்டிய கெபி. எல்லாவற்றுக்கும் மேலே, தொழிற்சாலையின் மதில் சுவர்.

சுவரில் என்ன பார்ப்பது என்று கேட்காதீர்கள். அதற்கு அந்தப் பக்கம் ராணுவத்துக்கு டேங்க் செய்தார்கள். எதுவும் கண்ணுக்குத் தெரியாதுதான், ஆனால் சுவரில் காதை வைத்தால் டேங்க் ஓடுவது அடிவயிற்றில் கேட்கும். அப்பாவுக்கு அங்கேதான் வேலை. வீட்டுக்கு வந்தால் வேலையைப் பற்றி மூச்சு விட மாட்டார். ஒருமுறை, இன்றைக்கு எத்தனை டேங்க் செய்தீர்கள் என்று சும்மா கேட்டுவைத்தேன். பதிலாக முதுகில் ஒன்று விழுந்தது. பள்ளியில் டிரில் வாத்தியார் வேறு சொல்லிவைத்திருந்தார்: முன்பின் தெரியாதவன் யாராவது டேங்கைப் பற்றிக் கேட்டால் அவன் ஒற்றன், வாயைத் திறக்காமல் போய்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட வேண்டும். நானும் மூன்று வருஷமாக ஒரு ஒற்றனுக்காகக் காத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. நாங்கள் வேதக்காரர்கள், ராகுகாலம் எல்லாம் பார்ப்பதில்லை என்று அம்மா ஊருக்கே சொல்வாள். சொல்லிவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரை ஆறு மணிக்கு மேல் வரச்சொல்லி எழுதியிருந்தாள். அவர்கள் மூன்று மணிக்கே வந்து நின்றார்கள். பூந்தமல்லியில் இறங்கியதும் பஸ் கிடைத்துவிட்டதாம். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அவருடைய சித்தப்பா. அக்காவின் ரவிக்கை இன்னும் தையல்காரரிடம் இருந்தது. அக்கா அப்போதுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அம்மா ஒரு நொடியில் வீட்டைக் காலி செய்தாள். பெரியவர்கள் இருவரையும் அப்பாவோடு கோயிலுக்கு அனுப்பினாள். தானே தையல்காரரிடம் ஓடினாள். மாப்பிள்ளைக்கு என்னைக் கொடுத்தாள்.

"தம்பி, ஏரியெல்லாம் சுத்திக் காட்டு. ஆறு மணிக்கு முன்னாடி கூட்டிகினு வந்துடாத."

நான் கிளம்பும்போது பின்கட்டு ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது. அக்காவின் ஈரத் தலை. ஒரு வாரமாக அவள் கடுகடுவென்று இருந்தாள். இவளுடைய போட்டோ அங்கே போயிருந்தது. அங்கிருந்து போட்டோ வரவில்லை. ஆம்பிள்ளைக்கு எதற்குப் போட்டோ என்று சித்தப்பா எழுதிவிட்டாராம். முகமே தெரியாதவனுக்கு எப்படிச் சரி என்று சொல்வது என்று அக்கா கேட்டதற்கு, அம்மா அவளை ரவிக்கைக்கு அளவெடுக்கக் கூப்பிட்டாள். பிடிக்கவில்லை என்றே சொல்லிவிடப் போகிறேன் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"டேய், அவரு இன்னா பேசுறாரு, இன்னா கேக்குறாரு, ஒண்ணு விடாம கேட்டு வந்து சொல்லு. சிகரெட் பிடிக்கிறாரான்னு பாரு."

தலையாட்டினேன். இதைவிடப் பெரிய வேலை எனக்கு அதுவரை வந்ததில்லை.

மாப்பிள்ளை செங்கல்பட்டுப் பக்கம். அரசாங்கத்தில் ஓவர்சியர்; ஏரிகளை அளந்து, கரை எங்கே பலவீனம், மதகு எங்கே ஒழுகுகிறது என்று எழுதிக் கொடுப்பது உத்தியோகம். அந்த இலாகாவில் ஏரியை ஏரி என்று சொன்னால் சம்பளத்தை நிறுத்திவிடுவார்கள் போலிருக்கிறது. டேங்க் என்றுதான் சொல்வார்கள். இந்த விஷயம் எனக்குத் தெரியவந்தபோது மாலை ஐந்து மணி ஆகியிருந்தது, நாங்கள் போலீஸ் அவுட்போஸ்டில் இருந்தோம்.

மதில் சுவர் ஓரமாக நடந்தோம். காதை வைத்துக் கேட்கச் சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அவர் கேட்டார்.

"தம்பி, டேங்க் இன்னும் எவ்வளவு தூரம்?"

எனக்கு நடை நின்றது. பிறகு சமாளித்துக்கொண்டு, "எதுக்கு?" என்றேன்.

"பாக்கத்தான். இந்தப் பக்கம் மொத்தம் எத்தனை டேங்க் இருக்கும்?"

நான் வாயைத் திறக்கவில்லை. டிரில் வாத்தியார் என் பிடரியில் உட்கார்ந்திருந்தார்.

"காவலுக்கு ஆள் போட்டிருக்காங்களா, இல்ல சும்மாதான் கிடக்கா?"

நான் ஏரிக்கரைமேல் ஏறி நடையை எட்டிப்போட்டேன். அவரோ காற்று வாங்கிக்கொண்டு, ஜாலியாக, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். வரைபடம். ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர், பூந்தமல்லி எல்லாம் அதில் இருந்தன. நடுநடுவே நீலப் பென்சிலில் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தது.

"பாத்தியா, டேங்க் எல்லாத்தையும் குறிச்சு வச்சிருக்கேன். போன மழையில இதுல ரெண்டு உடைஞ்சது. உங்க ஊரு டேங்க் மட்டும் உடைஞ்சா பட்டாபிராம் வரைக்கும் ஒண்ணும் மிஞ்சாது, தெரியுமா?"

இத்தனை நாள் காத்திருந்த ஒற்றன் வந்தேவிட்டான். வந்ததும் வராததுமாக எங்கள் வீட்டு முறுக்கைத் தின்றுவிட்டு, என் கையையே பிடித்துக்கொண்டு நடக்கிறான். வீரதீரமாக என்னென்னவோ செய்வதாக ராத்திரிகளில் திட்டம் போட்டுவைத்திருந்தேன். அத்தனையும் மறந்துபோய், ஒன்றே ஒன்றுதான் வந்தது.

"ஒண்ணுக்கு வருது" என்றேன்.

பொய்யில்லை. அது நிஜமாகவே வந்தது. அவரைக் கரைமேல் விட்டுவிட்டு, ஒரு புதர் மறைவில் அந்தக் காரியத்தையும் முடித்துவிட்டு, பஞ்சர் கடைக்கு ஓடினேன். தேசத்தைக் காப்பாற்ற ஓடியவர்களில் வழியில் நின்று டவுசர் பித்தான் போட்டுக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பஞ்சர் கடை அண்ணாத்தே டியூபைத் தொட்டித் தண்ணீரில் அழுத்தி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, பேய் தொரத்துனா மாரி ஓடியாற?"

"அண்ணாத்தே, ஸ்பை. டேங்க் எத்தினி கீதுன்னு கேக்குறான். மேப்பு வச்சிகினு கீறான்."

"எங்க கீறான்?"

"ஏரிக்கரையில."

"உனக்கு எப்டிடா தெரியும் அவன?"

"எங்க அக்காவ பொண்ணு பாக்க வந்துகீறான்."

அண்ணாத்தே டியூபைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

"பொண்ணு பாக்க வந்தானா, டேங்க் பாக்க வந்தானா?"

"ரெண்டுக்கும்."

அடுத்த ஐந்து நிமிஷத்தில் டீக்கடை பெஞ்சு காலியாகிவிட்டது. பத்துப் பதினைந்து பேர் கரைக்கு ஏறினார்கள். நான் முன்னால் போகவேண்டியவன், கடைசி ஆளின் லுங்கிக்குப் பின்னால் போனேன். அங்கே மாப்பிள்ளை சும்மா இருந்திருக்கக் கூடாதா? பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மதகுப் பக்கம் தண்ணீரில் இறங்கி, ஒரு கழியை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக.

"இன்னா நைனா, இன்னா பண்ற?"

அவர் நிமிர்ந்து, இவ்வளவு பேர் தம் வேலையில் அக்கறை காட்டுகிறார்களே என்று பூரித்துப்போய்ச் சொன்னார்: "டேங்க் அளக்குறேங்க."

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சந்தையில் வாங்கிய மாட்டை ஓட்டி வருவதைப் போல அவுட்போஸ்டுக்கு ஓட்டி வந்தார்கள். யாரும் அடிக்கவில்லை. ஒரு செருப்பு மட்டும் ஏரியோடு போனது.

ஏட்டய்யா நிதானமான மனுஷர். மேசைமேல் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்த வட்டமெல்லாம் இன்னா?"

"டேங்க் சார்."

"அத்த சொல்லிட்ட. ஏன் குறிச்சிகினு கீற?"

"சார், டேங்க்னா ஏரி சார். ஏரியத்தான் சார் நாங்க டேங்க்னு சொல்லுவோம்."

வாசலில் நின்ற கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "ஏரின்னா ஏரின்னு சொல்லிட்டுப் போயேன் மாமே. ஆவடில வந்து டேங்க் எத்தினின்னு கேட்டா மாலையா போடுவாங்க?"

ஏட்டய்யாவுக்குப் பாதி நம்பிக்கை வந்திருந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அடையாளச் சீட்டு அவருடைய பையில், பை எங்கள் வீட்டில். வீட்டுக்கு ஓடிய பையன் வந்து சொன்னான்: பெரியவர்கள் எல்லாரும் கோயிலில், அம்மா தையல்காரரிடம், வீட்டில் அக்கா மட்டும்தான்.

"அந்தப் பொண்ணையே கூட்டியா" என்றார் ஏட்டய்யா. "யார பாக்க வந்தானோ அதுவே சொல்லட்டும்."

அக்கா வந்தாள். துவட்டாத தலை, வீட்டில் கட்டும் சாயம் போன புடவை, கையில் பஜ்ஜி மாவு. ஒரு ட்ரே இல்லை, காபி இல்லை. மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முட்டி வரை சேறு, தோளில் ஆகாயத்தாமரை ஒரு இணுக்கு, ஒரு காலில் மட்டும் செருப்பு. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சுருட்டிய பேண்ட்டை இறக்கிவிட முயன்றார், அது சேற்றோடு ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது.

"இவரைத் தெரியுமாம்மா?" என்றார் ஏட்டய்யா.

அக்கா பார்த்தாள். அவர் பேண்ட்டோடு போராடிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"தெரியும் சார்."

"யாரு?"

"எங்க வீட்டு மாப்ள."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

ஒற்றனைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு தூக்கிவாரிப் போடவில்லை. போலீசுக்கு முன்னால் நின்றுகொண்டு, கண்ணைக்கூட இமைக்காமல், என் சொந்த அக்கா பொய் சொல்கிறாள். இதற்கும் நம்மைத்தான் உள்ளே போடுவார்கள் என்று தோன்றியது.

"பொய் சார்" என்றேன். "அவ இவரப் பாத்ததே இல்ல சார். போட்டோகூட வரல."

அக்கா என் முழங்கையில் கிள்ளிய இடம் மூன்று நாள் கன்றிப்போயிருந்தது. ஏட்டய்யா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். வரைபடத்தை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"கூட்டிகினு போம்மா. மொதல்ல இந்தப் பொடியன கூட்டிகினு போ."

படியிறங்கும்போது மாப்பிள்ளை அக்காவிடம் முதல்முதலாகப் பேசினார். "டேங்க்னா ஏரிங்க" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "இங்க ஏரின்னே சொல்லுங்க" என்றாள்.

வீட்டில் சித்தப்பா பையைத் தூக்கித் தோளில் மாட்டியிருந்தார். போலீஸ் ஸ்டேஷனில் பெண் பார்த்த வழக்கம் தங்கள் குடும்பத்தில் இல்லை என்றார். மாப்பிள்ளையின் அம்மா அழுதாள். அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னைத் தேடினார். நான் கட்டிலுக்கு அடியில் இருந்தேன். அங்கிருந்து எல்லாருடைய கால்களும் தெரிந்தன. வாசலை நோக்கிச் சித்தப்பாவின் கால் ஓரடி வைத்தது. சேற்றுக் கால் ஒன்று குறுக்கே வந்து நின்றது.

"சித்தப்பா, உட்காருங்க. பஜ்ஜி ஆறுது" என்றது சேற்றுக் காலின் குரல். "பொண்ணு பாத்தாச்சு."

"நீ பாத்தா போதுமா? அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?"

"அவங்க போலீஸ்லயே சொல்லிட்டாங்க."

அவள் போலீஸில் சொன்னது பொய் என்று கட்டிலுக்கு அடியிலிருந்து சொல்ல நினைத்தேன். கிள்ளிய இடம் வலித்ததால் சொல்லவில்லை.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய் சொன்னவள் பாட்டுப் பாடிக்கொண்டு வளையவந்தாள். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறாயா என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன், மண்டையில் குட்டினாள். சனிக்கிழமை நானே கோயிலுக்குப் போய்ச் சாமியாரின் கூண்டுக்கு முன்னால் மண்டி போட்டேன்.

"எங்க அக்கா போலீஸ்ல பொய் சொல்லிட்டா சாமி."

"அது உன் பாவம் இல்லையேப்பா."

"அவ வந்து சொல்ல மாட்டேங்குறா சாமி. அதான் நான் சொல்றேன்."

என்ன பொய் என்று கேட்டார். முழுதும் சொன்னேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை. திரைக்குப் பின்னால் சாமியாருக்கு நீளமாக இருமல் வந்தது. திரையே ஆடியது.

"கவலைப்படாத" என்றார் கடைசியில். "உங்க அக்கா அத மே மாசம் இதே கோயில்ல, எல்லாருக்கும் முன்னாடி நின்னு ஒத்துக்கும். அந்த மாப்பிள்ளையும் பக்கத்துல நிப்பாரு. நான்தான் ரெண்டு பேரையும் கேக்கப் போறேன்."

நான் என்னென்ன திருட்டுத்தனமோ செய்துவிட்டு, காதோடு காதாகச் சொல்லி, மூன்று ஜெபத்தோடு தப்பித்துக்கொள்கிறேன். ஒரே ஒரு பொய்க்கு அவளை ஊர் முன்னால் நிறுத்துவதா என்று சாமியாரின் மேலேயே கோபம் வந்தது. வீட்டுக்குப் போனேன். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, எவ்வளவு பெரிய தண்டனை கொடுத்தாலும் நான் உன் பக்கத்திலேயே நிற்கிறேன், பயப்படாதே என்றேன். அவள் அரிவாள்மணையைத் தள்ளிவைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாவம், பயத்தில் சித்தம் கலங்கிவிட்டது என்று நினைத்து நான் அழ ஆரம்பித்தேன்.