முழங்கால் வலி

பிறந்தநாள் விழா ஒன்றில் உறவுக்காரி தன் போனை நீட்டினாள். "அக்கா, உங்கட மகள் கட்டைக் காற்சட்டையோட நிக்கிறாள், பாருங்கோ!" பல்கலைக்கழக ஹாண்ட்போல் அணியின் படம். சுற்றியிருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

மகளிடம் சொன்னால் சண்டைதான் வரும். அவளுக்குத் தெரியாமல் பயிற்சியாளருக்குப் போன் எடுத்து, முழங்காலில் அடி, இனி விளையாட மாட்டாள் என்று பொய் சொன்னேன். மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் கோல்டிங் நகரில் ஆட்டம். காலையில் ஹோர்சன்ஸ் ஊரில் எங்கள் வீட்டு மணி அடித்தது. ஆட்டத்துக்குப் போகும் வழியில் அணிப் பெண்கள் இருவர் பூங்கொத்தோடு வந்திருந்தார்கள். மகளும் அதே ஆட்டத்துக்குப் புறப்பட்டு, பையோடு மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"முழங்கால் எப்படி இருக்கிறது?" என்று டேனிஷில் கேட்டார்கள்.

மகள் என்னைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். பையைப் படியிலேயே வைத்துவிட்டு, நொண்டி நொண்டி வந்து பூக்களை வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் போனதும், "பிள்ளை, நான் உன்ர நன்மைக்குத்தான்..." என்று தொடங்கினேன்.

"விடுங்கோ அம்மா."

அதன்பிறகு அவள் விளையாடப் போகவில்லை. ஏன் விட்டாய் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் இன்றும் கேட்பார்கள். முழங்கால் என்பாள். நான் பக்கத்தில் நின்று தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன்.