நோன்பு அட்டவணைக் கப்பல்கள்

மருதமுனையில் றாஹிலா சிறுபிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கி ஒன்பது வருடங்கள். அவளைச் சிறந்த ஆசிரியை என்று எவரும் சொன்னதில்லை. வகுப்புக்கு வராத ஆசிரியை என்றும் சொன்னதில்லை. வகுப்பு நடந்தது குர்ஆன் மதுறசாவின் பின்னறையில். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் கச்சிமுகம்மது விரும்பும் வரைதான் அந்த அறை.

கொழும்பில் நடந்த பயிற்சியொன்றில் அவளுக்குக் ‘குளிர்காலக் கடதாசி வேலைகள்’ என்றொரு தாள் கொடுத்திருந்தார்கள். அதில் பனிமனிதன் இருந்தான். பிள்ளைகளுக்குப் பனியை விளக்க அவளிடம் தெம்பில்லை. இங்கே குளிர் என்றால் மாரிமழை. ஆகவே கப்பல் மடிக்கக் கற்றுக்கொடுத்தாள்.

கடதாசி தந்தவரும் மரைக்கார்தான். போன நோன்பில் மிஞ்சிய நேர அட்டவணைகள், பின்பக்கம் வெறுமை. தலைப்பில் அரபியில் அல்லாஹ்வின் பெயர் சொல்லும் பிஸ்மி இருந்ததால் அந்தத் துண்டை வெட்டித் தன்னிடம் தந்துவிட வேண்டும் என்றிருந்தார். ஒவ்வொரு மாலையும் றாஹிலா வெட்டினாள்.

தொண்ணூற்றேழு டிசம்பரில் நான்கு நாள் விடாத மழை. வீட்டுக் கூரை ஒழுகி, வாளி மாற்றி மாற்றி வைத்துக் களைத்தவள், காலையில் வெட்டாத தாள்கட்டைத் தூக்கி வந்துவிட்டாள். மழை ஓய்ந்ததும் பிள்ளைகள் கப்பல்களோடு வடிகானுக்கு ஓடினார்கள்.

“டீச்சர், என்ட கப்பல்ல ஓதுற எழுத்து இரிக்கி!” என்று ஒருத்தி கத்தினாள்.

றாஹிலா செருப்போடு கானுக்குள் இறங்கினாள்.

நடுப்பகல் ளுஹர் தொழுகைக்கு வந்த மரைக்கார் குடையோடு நின்றார். “என்ன புள்ள, கானுக்க மீன் புடிக்கியா?”

அவள் கையிலிருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“வெட்டித் தாறண்டுதானே சொன்னாய்?”

“களைப்புல கட்டு மாறிப் போச்சு மாமா.”

“எத்தின மடிச்ச?”

“பன்னெண்டு. பதினொண்டு எடுத்திட்டன்.”

“மத்ததும் வரணும். ஊத்தத் தண்ணியில அல்லாட பேர உட்டுட்டு நான் ஆருக்கு முகம் காட்டுற? கிடைக்காட்டி அறையப் பூட்டித் திறப்பக் கொண்டு வந்து தா.”

அவள் மதகு வரை தடவிக்கொண்டே போனாள். இடுப்பு வலித்தது. அதற்கப்பால் தண்ணீர் வீதிக்கடியில் போய்விடும். திரும்பி வந்தபோது கரையில் உம்மு நின்றாள். ஐந்து வயது. சட்டைக்குள் ஏதோ புடைத்திருந்தது.

“உன்ட கப்பல் எங்க மகள்?”

“நான் தண்ணியில உடல்ல டீச்சர். நனைஞ்சா குலைஞ்சிருமே.”

சட்டைக்குள்ளிருந்து அது காய்ந்தபடியே வந்தது. மரைக்கார் வாங்கிப் புரட்டினார். பிஸ்மி கப்பலின் நுனியில் நேராக விழுந்திருந்தது.

“ம்... மடிப்பு நேர்தான்,” என்றார். பிறகு, “அறை இரிக்கட்டும். கடதாசிக்கட்ட நான் கொண்டு போறன். இதெல்லாம் பிரிச்சு பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பொறகு கடல்ல போட்டுரு.”

பழைய ஓதல் தாள்களை அப்படித்தான் கடலில் விடுவார்கள். அது மரியாதை.

றாஹிலா வாசற்படியில் உட்கார்ந்து ஈரக் கப்பல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பதினொன்றும் முடிந்து பன்னிரண்டாவதை எடுத்தபோது உம்மு கேட்டாள்:

“கடல்ல போட்டா இது நனையாதா டீச்சர்?”

றாஹிலா அதை மடியில் வைத்தாள். மடிப்புக் கலையாமல் மெதுவாகப் பிரிக்கப் பார்த்தாள். பிரித்தால் அது வெறும் தாள்தான்.