ரெண்டு மூடி

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்ன என்று கேட்டால் எங்களில் பலர் முழிப்போம். ரெண்டு மூடி என்றால் எல்லோருக்கும் தெரியும். வெங்காயம் போடுகிறவர், ஒரு நிமிட வீடியோவில் பயிருக்கு வைத்தியமும் சொல்கிறவர். மில்லி கணக்குச் சொன்னால் யார் அளக்கப் போகிறார்கள்? அதனால் மருந்து பாட்டிலின் மூடியையே அளவாக்கினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு மூடியை எடுத்துக் காட்டி, "ஒரு டேங்குக்கு ரெண்டு மூடி. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்" என்று முடிப்பார். களை மருந்து வீடியோ ஊர் ஊராகப் போனது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அதைக் கண்டுகொள்ளாத ஒரே ஆள் அவருடைய தங்கை புருஷன். "போனைப் பாத்து விவசாயம் பண்ற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப் போகலை மச்சான்" என்று முகத்துக்கு நேரே சொல்வார். போன வருஷம் அவர் வெங்காயத்தைக் களை தின்றது. இந்த வருஷமும் போனால் நிலத்தை விட்டுவிட்டு எங்கேயாவது கூலிக்குப் போக வேண்டியதுதான் என்று தங்கை அழுதாள். அண்ணன் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப மாப்பிள்ளைக்கு அனுப்பினார். பதிலே இல்லை.

அன்று புது வீடியோ எடுக்க அவரும் நானும் மருந்துக் கடைக்குப் போனோம். அதே மருந்து, அதே சிவப்பு மூடி. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையிலிருந்த பழைய மூடியைப் புது மூடிக்குள் போட்டார். அது உள்ளே விழுந்து கடகடவென்று உருண்டது.

"பாட்டிலை மாத்திட்டாங்களா?"

"ஆமாண்ணே, பெரிய பாட்டில், வாய் அகலம். மருந்து அதேதான்," என்றார் கடைக்காரர். "காலையில உங்க மாப்பிள்ளைகூட வாங்கிட்டுப் போனாரு. உங்க வீடியோவைக் காட்டி, இதுதானேன்னு கேட்டாரு."

அவர் இரண்டு மூடியையும் பைக்குள் போட்டுக்கொண்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை. வண்டியில் என் பின்னால் உட்கார்ந்தபடியே அவர் அந்த வீடியோவை அழித்தார். அழித்து என்ன, எத்தனை போனில் போய் உட்கார்ந்திருக்கிறதோ! வழியில் ஒரு வயலில் இரண்டு பேர் டேங்கைச் சுமந்து மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். "நிறுத்துங்க!" என்று இவர் கத்தினார். என்ன கேட்டதோ, சிரித்துக்கொண்டே கை காட்டினார்கள்.

தங்கை வயலில் மருந்து வாடை அடித்தது. டேங்க் வரப்பில் காலியாகக் கிடந்தது. பயிர் பச்சைப் பசேல் என்று நின்றது. அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. அளவு மீறினாலும் இந்த மருந்து அன்றைக்கே காட்டாது; நாலைந்து நாள் கழித்துத்தான் பயிர் நுனியில் கருகத் தொடங்கும்.

மாப்பிள்ளை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மச்சானைப் பார்த்து அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"இந்தத் தடவை உங்க பேச்சைக் கேட்டுட்டேன் மச்சான். டேங்குக்குச் சரியா ரெண்டு மூடி, நானே அளந்து ஊத்தினேன்." போனை என்னிடம் நீட்டினார். "பயிரோட எங்களைச் சேத்து ஒரு வீடியோ எடுங்க."

தங்கை முடியைச் சரிசெய்துகொண்டு அண்ணன் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் வழக்கம்போலச் சட்டைப் பைக்குள் கைவிட்டார். இரண்டு மூடிகள் வெளியே வந்தன. சின்னதைப் பெரியதற்குள் போட்டு நீட்டினார்.

"நான் சொன்னது உள்ள இருக்குறது மாப்பிள்ளை. நீங்க ஊத்தினது வெளிய இருக்குறது."

மாப்பிள்ளை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். தங்கைக்குத்தான் முதலில் புரிந்தது.

"அண்ணே, அப்ப எங்க பயிரு?" என்றாள்.